மூச்சுக் கசிவுத் தடுப்புத் திட்டம்

மனித குலம் மூச்சுவிட ஆரம்பித்து எத்தனையோ லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்த மூச்சை ஒழுங்காகத்தான் விடுகிறோமா என்று ஒருவரும் மேற்பார்வை செய்ததில்லை. இழுத்தார்கள், விட்டார்கள், ஒரு நாள் விட்டதோடு போய்ச் சேர்ந்தார்கள். இந்த மாபெரும் நிர்வாகக் குறையைக் கண்டுபிடித்துச் சீர்செய்த பெருமை குடிநீர் வழங்கல் துறையையே சாரும். நெஞ்சாங்கூட்டுக்குள் காலம் காலமாக நடந்துவந்த அராஜகத்துக்கு முடிவு கட்டப்பட்டது அத்துறையின் ஊழியர் சேர்ந்திசைக் குழுவில்தான்.

இந்த வரலாற்றில் புகார் அக்காவுக்கும் ஓர் இடம் உண்டு. குற்றவாளியாக.

புகார் அக்கா துறையின் முதல் மாடியில், புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். காலையிலிருந்து மாலை வரை ஊர் முழுக்க அவள் காதுக்குள் கத்தும். தண்ணீர் வரவில்லை என்று ஒருவர், வருகிறது ஆனால் மஞ்சளாக வருகிறது என்று ஒருவர், நேற்று புகார் செய்தேனே அதைக் காணவில்லை என்று ஒருவர். எல்லோருக்கும் அவள் சொல்ல அனுமதிக்கப்பட்ட வாக்கியம் ஒன்றுதான்: "பதிவு பண்ணிட்டேங்க." நாள் முழுக்க இந்த ஒரே வாக்கியத்தை மென்றுகொண்டிருந்த வாய்க்கு, மாலையில் நடக்கும் பாட்டுப் பயிற்சிதான் விடுதலை. பழைய மீட்டர்களைக் குவித்து வைத்திருந்த கிடங்கை ஒதுக்கி, அங்கே நாற்காலி போட்டுப் பாடினார்கள். அந்தக் கிடங்குக்குள் நுழைந்தால் அக்காவுக்குப் பத்து வயது குறையும்.

ஒரே ஒரு குறை. அக்காவுக்கு மூச்சு பத்தாது. சின்ன வயதில் வந்த நிமோனியா, போகும்போது அவளுடைய ஒரு பக்க நுரையீரலைப் பாதி நேர ஊழியராக மாற்றிவிட்டுப் போயிருந்தது. ஆனாலும் குழுவில் அவள் நிம்மதியாக இருந்தாள். காரணம், பக்கத்தில் நின்று பாடிய வால்வு அண்ணன்.

வால்வு அண்ணன் தண்ணீர்த் தொட்டியில் வால்வு திறந்து மூடுபவர். மார்பும் வயிறும் அந்தத் தொட்டிக்குச் சொந்தக்காரர் என்று சொல்லும்படி இருக்கும். குழுவின் புகழ்பெற்ற பாட்டில் கடைசிச் சொல் "வா". ஆற்றைக் கூப்பிடும் பாட்டு அது. அந்த "வா" எவருடைய மூச்சுக்கும் அடங்காத நீளம். குழுவாகப் பாடுகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு நேரத்தில், பக்கத்து ஆள் இழுத்துப் பிடித்திருக்கும்போது சத்தமில்லாமல் மூச்சு வாங்கிக்கொள்வது. எவரும் தொடர்ந்து பாடுவதில்லை. ஆனால் பாட்டு தொடரும். பாட்டு மாஸ்டர் இதற்குத் "திருட்டு மூச்சு" என்று செல்லப் பெயர் வைத்திருந்தார். அண்ணன் முழங்கையால் லேசாக இடித்தால் "நான் பிடிச்சிருக்கேன், நீ வாங்கிக்கோ" என்று அர்த்தம். அக்கா வாங்கிக்கொள்வாள். அவள் அடிக்கடி வாங்குவாள். அண்ணன் அடிக்கடி இடிப்பார். கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அவள் கணவருக்கும் தெரியாது. அவர் கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர். ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்வி கேட்பார்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுல உன் குரல் எதும்மா?"

"தெரியாம இருந்தாத்தாங்க அது சேர்ந்திசை."

"அப்ப நீ பாடலைன்னாலும் தெரியாதுல்ல?"

அந்தக் கேலி மட்டும் அக்காவுக்குக் கொஞ்சம் வலிக்கும்.

இப்படியாக இருண்டு கிடந்த காலத்தில்தான் பொறியாளர் மாற்றலாகி வந்தார். கசிவுத் தடுப்புப் பிரிவின் தலைவர் அவர். முந்தைய ஊரில் எல்லாக் குழாய்களுக்கும் கருவி பொருத்திப் பெயர் வாங்கியவர். கசிவு அங்கே குறையவில்லை. ஆனால் எவ்வளவு கசிகிறது என்பது முன்னைவிடத் துல்லியமாகத் தெரிந்தது. அதற்காக அவருக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தார்கள். வந்த கையோடு, துறைத் தலைமையின் உத்தரவுப்படி, சேர்ந்திசைக் குழுவின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது.

முதல் கூட்டத்தில் அவர் கேட்ட முதல் கேள்வியே ஆழமானது.

"பாட்டுன்னா என்ன?"

பாட்டு மாஸ்டர் எழுந்தார். ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டவர். எனவே எதற்கும் தலையாட்டும் உரிமை மட்டும் அவருக்கு முழுமையாக உண்டு. "அது வந்து சார், சுருதி, தாளம், அப்புறம் உணர்ச்சி..."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல காத்து. நுரையீரல் ஒரு தொட்டி. தொண்டை ஒரு குழாய். வாய் அதோட திறப்பு. உள்ள எவ்வளவு போகுது, வெளிய எவ்வளவு வருது, யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியாது.

"தெரியாமலே இத்தனை வருஷம் பாடிட்டிருந்திருக்கீங்க," என்றார் பொறியாளர். கோபப்படவில்லை. அவர் கண் கலங்கியது போலக்கூட இருந்தது.

அடுத்த வாரமே 'மூச்சு நோக்குக் கருவி' வந்து இறங்கியது. மார்பைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை, இரண்டையும் சேர்த்து இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. உடம்பு விரிந்தால் பட்டை விரியும். பட்டை விரிந்தால் சுவரில் மாட்டிய பெரிய திரையில் அவரவர் கோடு ஏறும். மூச்சு வெளியே போனால் கோடு இறங்கும். ஒழுங்காக இருந்தால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு. வால்வு அண்ணனுக்கு மட்டும் ஒரு பட்டை பத்தாமல் இரண்டை இணைத்துக் கட்டினார்கள். "எனக்கு மட்டும் கூடுதல் இணைப்பு கொடுத்திருக்காங்க," என்று அண்ணன் எல்லோரிடமும் காட்டிக்கொண்டார்.

பட்டைகளோடு முதல் முறையாக "வா" பாடினார்கள். பாட்டு எப்போதும்போல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திரையைப் பார்த்த பொறியாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கோடுகள் ஆளுக்கொரு திசையில் ஏறி, இறங்கி, ஒன்றை ஒன்று வெட்டி, பூனை விளையாடிய நூல்கண்டாகக் கிடந்தன.

"ஏன் ஆளாளுக்கு ஒரு நேரத்துல மூச்சு வாங்குறீங்க?"

மாஸ்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். "சார், அதுக்குப் பேரு திருட்டு மூச்சு..."

"திருட்டா!" பொறியாளர் எழுந்தே விட்டார். ஊரில் திருட்டு இணைப்புகளைத் தேடித் தேடிப் பிடித்தவர் அவர். "வெளியிலதான் திருடுறாங்கன்னு பாத்தா, துறைக்குள்ளேயே திருட்டா? யாரு அதிகமா எடுத்திருக்காங்க?"

கருவிக்கு ஓரவஞ்சனை கிடையாது. திரையில் ஒரே ஒரு கோடு முழுச் சிவப்பாக, பல் உடைந்த சீப்பு மாதிரி நின்றது. அதன் கீழே அக்காவின் பணியாளர் எண் இருந்தது. அக்காவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதையும் வயிற்றுப் பட்டை பதிவுசெய்துகொண்டது.

"சார்," என்றாள் அக்கா, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு. "எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சு வாங்குனா பாட்டு நின்னுடுமே சார். நாம ஊருக்குத் தண்ணி விடுறப்ப எல்லாத் தெருவையும் ஒண்ணாவா நிறுத்துறோம்? முறை வச்சுத்தானே விடுறோம்?"

"அது தண்ணி. இது காத்து," என்றார் பொறியாளர். "நீங்க எந்தப் பிரிவு?"

"புகார்ப் பிரிவு சார்."

"அதான்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி சொன்னதற்குச் சிரிப்பதும் ஒரு சேர்ந்திசைதான். அதற்கு மட்டும் யாரும் தனித்தனியாக மூச்சு வாங்குவதில்லை. வால்வு அண்ணன் மட்டும் சிரிக்காமல் தன் கூடுதல் இணைப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்றே 'மூச்சுக் கசிவுத் தடுப்புத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. திருட்டு மூச்சு தடை செய்யப்பட்டது. இனி ஒரே குழு, ஒரே மூச்சு. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, பொறியாளர் மிகவும் கனிவாகச் சொன்னார்.

"பட்டையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா. ஞாயித்துக்கிழமை பயிற்சி பண்ணி அளவை அனுப்புங்க. பச்சை வந்தா ஆண்டு விழாவுல பாடுங்க. வரலைன்னா, கீழ உக்காந்து கேளுங்க. கேக்குறதுக்கும் ஆள் வேணும்ல?"

கேட்பது! வாரம் முழுக்க அவள் செய்துகொண்டிருந்ததே அதுதான். அதிலிருந்து தப்பிக்கத்தான் அவள் பாட வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அக்கா பட்டைகளைக் கட்டிக்கொண்டு வீட்டில் நடந்தாள், நின்றாள், சுவரில் சாய்ந்தாள், "வா" என்று இழுத்தாள். கைப்பேசியில் வந்த கோடு சிவந்துகொண்டே போனது. மதியத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரர் "யாரைங்க கூப்பிடுறீங்க?" என்று வேலிக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார். அக்கா பட்டைகளைக் கழற்றி சோபாவில் எறிந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"குடு, நான் பாக்கறேன்," என்றார் கணவர். "என்னதான் இருக்கு இதுல?"

அவர் பட்டைகளைக் கட்டிக்கொண்டு சோபாவில் நீட்டிப் படுத்தார். செய்தித்தாளை எடுத்து இரண்டு வரி படித்தார். செய்தித்தாள் மெல்ல முகத்தில் இறங்கியது. பிறகு ஒரு சின்னக் குறட்டை.

கைப்பேசியில் கோடு ஏறியது. இறங்கியது. வழவழவென்று, ஒரே அளவில், மேடும் பள்ளமுமாகப் பச்சைப் பசேலென்று போய்க்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் திரையில் ஒரு பூ மலர்ந்து, 'மிகச் சிறப்பு. அனுப்பலாமா?' என்று கேட்டது.

அக்கா கணவரைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "பதிவு பண்ணிட்டேங்க" என்று ஊருக்கெல்லாம் தினமும் சொல்வது அலுவல் சார்ந்தது, அது கணக்கில் சேராது. 'வேண்டாம்' பக்கம் விரலைக் கொண்டுபோனாள். ஆனால் மேடையில் இடமில்லாமல் கீழே உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்ததும் தயக்கம் போய்விட்டது. அனுப்பினாள்.

கணவர் கண் விழித்ததும் விஷயத்தைக் கேட்டுத் திகைத்தார். "நான் பாடவே இல்லையேம்மா?"

"அதனாலதாங்க இவ்வளவு நல்லா வந்திருக்கு."

அவள் எதிர்பார்த்தது ஒரு பச்சை அடையாளம். மன்னித்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். ஆனால் மறுநாள் கிடங்கில் பெரிய திரை முழுக்க அவள் கணவரின் மதியத் தூக்கம் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. பொறியாளர் அதன் முன்னால் கைகட்டி நின்றார்.

"இது மூச்சு இல்லை. இது காவியம்," என்றார். "இந்த அமைதியைப் பாருங்க. கவலையே இல்லாத மனசு! எந்தப் பொறுப்பும் பாதிக்காத ஒரு ஆளாலதான் இப்படி மூச்சுவிட முடியும்."

கருவியின் துல்லியத்தை அக்கா அந்தக் கணத்தில் முதல் முறையாக மனதார ஒப்புக்கொண்டாள்.

"நேத்துவரைக்கும் நம்மள்லயே அதிகமாத் திருடினவங்க," என்று பொறியாளர் தழுதழுத்தார், "இன்னைக்கு நமக்கு வழிகாட்டி. இனிமே இதுதான் 'முன்மாதிரிக் கோடு'. இது ஏறும்போது எல்லாரும் ஏறணும். இறங்கும்போது எல்லாரும் இறங்கணும்."

அக்காவின் தோளில் 'மூச்சு முன்னோடி' என்று ஒரு பச்சைப் பதக்கம் குத்தப்பட்டது. கைதட்டினார்கள். வால்வு அண்ணன் அவள் காதருகே குனிந்தார்.

"என்ன புகாரம்மா, ராத்திரியோட ராத்திரியா புது நுரையீரல் எங்க வாங்குனீங்க?"

"அண்ணே, கேக்காதீங்க."

அண்ணன் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அதன் பிறகு நடந்த பயிற்சிகளை இசை வரலாறு மறக்காது. பாடினால் உடம்பு அதிர்ந்து கோடு நடுங்குகிறது என்று கண்டறியப்பட்டதால், பயிற்சியில் பாடுவது நிறுத்தப்பட்டது. மொத்தக் குழுவும் வாயை மூடிக்கொண்டு, திரையைப் பார்த்து, ஒரு மனிதரின் மதியத் தூக்கத்தை மாலை முழுக்க மூச்சுவிட்டது. பின்வரிசையில் இருவர் நின்றபடியே உறங்கிப்போனார்கள். அவர்களுடைய கோடுகள்தான் அன்றைக்கு முதலிடம் பெற்றன. அக்கா மட்டும் பெட்டியைக் கையால் அமுக்கி, வயிற்றைத் தள்ளி, என்னென்னவோ தகிடுதத்தம் செய்து பச்சையில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் ஒரு நாள் தலையைச் சொறிந்தார். "சார், ஒரே ஒரு தடவை வாய்விட்டுப் பாடிப் பாத்துக்கலாமா?"

"விழாவுல பாடத்தானே போறோம்? இப்பவே எதுக்கு வீணாக்கணும்?"

இதற்கு மாஸ்டர் தன் உரிமையைப் பயன்படுத்தித் தலையாட்டினார்.

ஆண்டு விழா வந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. துறைத் தலைமை முதல் வரிசையில். மூன்றாவது வரிசையில் அக்காவின் கணவர். மேடையில் குழுவுக்குப் பின்னால் சுவர் உயரத்துக்குத் திரை. குழுவினர் பார்ப்பதற்கு அவர்கள் காலடியில் ஒரு சின்னத் திரை. "இன்று நீங்கள் பாட்டைப் பார்க்கப்போகிறீர்கள்!" என்று பொறியாளர் அறிவித்தார். மண்டபம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தயாரானது.

பாட்டு ஆரம்பமானது. சின்னச் சின்ன அடிகள் வரை சிக்கலில்லை. வரி முடிகிற இடத்தில் எல்லாக் கோடுகளும் ஒன்றாக ஏறின, சபை "அட!" என்றது. அக்காவுக்கு மட்டும் கண் இருண்டுகொண்டு வந்தது. அடுத்தது "வா".

தொடங்கினார்கள். மொத்தக் குரல்களும் சேர்ந்து எழுந்தபோது அரங்கின் கூரையே கொஞ்சம் உயர்ந்ததுபோல் இருந்தது. கோடுகள் ஒன்றாக இறங்கிவந்தன. பாதி வழியில் அக்காவின் மூச்சு தீர்ந்தது. நெஞ்சு காய்ந்துபோயிற்று. இனி முடியாது என்று நினைத்த அந்த நொடியில், இடது கையில் லேசாக ஓர் இடி.

வால்வு அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். தடை உத்தரவு அவர் மூளைக்குப் போயிருந்தது. முழங்கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அக்கா வாங்கிக்கொண்டாள். ஆசை தீர, அடிவயிறு வரை ஒரு திருட்டு மூச்சு. வாங்கிய கையோடு மறுபடி "வா"வில் சேர்ந்தாள்.

அதே நேரம் முன்மாதிரிக் கோடு ஏறியது. மொத்தக் குழுவும் பாட்டை விட்டுவிட்டு, ஒரே ஆளாக, மூச்சை உள்ளே இழுத்தது. தண்ணீர் வராத குழாயைத் திறந்தால் ஒரு சத்தம் வருமே, அது அரங்கம் முழுக்கக் கேட்டது. பிறகு நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு குரல் மட்டும் "வா" என்றது.

மெல்லிய குரல். கொஞ்சம் கரகரப்பு. அக்கா பயந்துபோனாள், நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் தன் குரல் கடைசி வரிசைவரை போய்ச் சுவரைத் தொட்டுத் தன்னிடமே திரும்பி வருவதை அவள் அதுவரை கேட்டதில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் விடவில்லை. இத்தனை வருடம் "பதிவு பண்ணிட்டேங்க" என்று சொன்ன வாய், யாரையும் எதையும் பதிவுசெய்யாமல், ஆற்றை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் மூச்சு வாங்கி முடித்து வந்து சேரும்வரை அந்தப் பாட்டு அவள் ஒருத்தியின் கையில்தான் இருந்தது.

மூன்றாவது வரிசையில் கணவர், திரையில் ஓடிய தன் தூக்கத்தைப் பார்த்தபடியே அசந்திருந்தவர், திடுக்கிட்டு எழுந்து நின்றார். பக்கத்து இருக்கைக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அது என் வீட்டுக்காரிங்க!"

"எந்தக் கோடு?" என்றார் அவர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

"கோடு இல்லைங்க... குரலு!"

பாட்டு முடிந்தது. திரையில் பச்சை மலைத்தொடர் ஒன்று எழுந்து நின்றதற்காகத் துறைத் தலைமை எழுந்து நின்று கைதட்டியது. சபையும் எழுந்தது. கணவர் மட்டும் திரையை விட்டுவிட்டு, அக்காவைப் பார்த்துத் தட்டினார்.

மறுநாள் கிடங்கில் மறுஆய்வுக் கூட்டம். விழாப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். சத்தம் கவனத்தைச் சிதறடிக்கும் என்பதால் ஒலியை முதலிலேயே அணைத்துவிட்டார்கள். திரையில் "வா" வந்தது. அழகழகாகக் கோடுகள் எல்லாம் மேலே ஏற, ஒன்று மட்டும் செக்கச்செவேலென்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. "நீங்களா? முன்மாதிரியே உங்க கோடுதானே அம்மா? நீங்களே இப்படிச் செய்யலாமா?"

அக்காவுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "சார், அது என் மூச்சே இல்லை. என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்குனது."

மாஸ்டர் தலையாட்டுவதா கூடாதா என்று தெரியாமல் கழுத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பொறியாளர் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். திறந்தபோது அதில் ஒரு புது ஒளி இருந்தது.

"அவர் துறையில வேலை பாக்குறாரா?"

"இல்லை சார். கண்ணாடிக் கடை."

"பரவாயில்லை. கௌரவ உறுப்பினரா எடுத்துக்கலாம். உங்க இடம் காலியாத்தானே இருக்கு."

"சார், அவருக்குப் பாட வராது!"

"அதை யாரும்மா கேட்டா?"

அன்று மாலையே ஆணை வந்தது. புகார் அக்கா குழுவிலிருந்து விடுவிக்கப்பட்டாள். பட்டைகளையும் பதக்கத்தையும் கழற்றி மேசையில் வைத்தாள். வால்வு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய முழங்கை மட்டும் பக்கத்தில் யாருமில்லாத காற்றை ஒரு முறை இடித்துப் பார்த்தது. கௌரவ உறுப்பினராகச் சேரச் சொல்லித் தனக்கு வந்த அழைப்பை வாங்கிப் படித்த கணவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அந்த 'வா'வை இன்னொரு தடவை பாடேன், கேக்கலாம்," என்றாராம்.

இதையெல்லாம் வைத்துக் கருவியைக் குறை சொல்கிறவர்கள் ஊரில் சிலர் இருக்கிறார்கள். விஷயம் தெரியாதவர்கள். கருவி ஒருபோதும் தப்புச் செய்யாது என்று பொறியாளர் சொன்னதில் எழுத்துக்கு எழுத்து உண்மை இருக்கிறது. அத்தனை பேர் வாயைத் திறந்துகொண்டு நின்ற மேடையில், அந்த நொடியில் பாடிக்கொண்டிருந்தது ஒரே ஒருத்திதான். கருவி அவளைத்தான் பிடித்துக் கொடுத்தது.